பயோகெமிஸ்ட்ரி முதலாண்டு மாணவர்களுக்கு வேதியியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி முதலாண்டு மாணவர்களுக்கு அலைடு கெமிஸ்ட்ரி எடுக்கிறேன். வகுப்பில் கை தூக்கிக் கேட்பவர்கள் குறைவு. லேபில் பியூரெட் கழுவும்போது பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்பவர்கள்தான் அதிகம். ஆண்டுதோறும் முகங்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை என்பதால் அவற்றை ஒரே இடத்தில் தொகுத்தேன். கேள்விகள் அவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன. ஒருமுறை சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணைக் குறிப்பிட்டிருக்கிறேன்.

1. பயோகெமிஸ்ட்ரிதானே சேர்ந்தோம், முதல் வருஷம் முழுக்க எதுக்கு கெமிஸ்ட்ரி?

இரண்டாம் ஆண்டில் என்சைம், மெட்டபாலிசம் தொடங்கும்போது பிகேஏ, ரெசொனன்ஸ், ஃப்ரீ எனர்ஜி எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் பாடப் புத்தகம் பேசும். அவை தெரியாதவர்கள் கிளைகாலிசிஸின் பத்துப் படிகளையும் ஒப்பித்துவிடுவார்கள். மூன்றாவது படி ஏன் திரும்பி வராது என்று கேட்டால் நின்றுவிடுவார்கள். 1926-இல் ஜேம்ஸ் சம்னர் யூரியேஸ் என்சைமைப் படிகமாக்கி, அது ஒரு புரதம் என்று காட்டினார். என்சைம் என்பது கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரு வேதிப்பொருள் என்று அப்போது தெளிவானது. அதற்குப் பிறகு இந்த இரண்டு பாடங்களையும் பிரித்துப் படிக்க வழியே இல்லை.

முதலாண்டில் உங்களுக்கு வர வேண்டியது முக்கியமாக ஒரு பழக்கம். எந்த எண்ணைப் பார்த்தாலும், இது எந்த வெப்பநிலையில், எந்தச் செறிவில், எந்தக் கரைசலில் அளந்தது என்று கேட்க வேண்டும். கீழே உள்ள சந்தேகங்களில் பாதிக்கு மேல் அந்தக் கேள்வியைக் கேட்காததால் வந்தவை.

2. நான் ப்யூர் சயின்ஸ் குரூப், ப்ளஸ் டூல மேத்ஸ் கிடையாது. கணக்கு வருமா?

வரும். இங்கே தேவைப்படுவது விகிதமும் லாகும்தான். லாக் 2 என்றால் 0.30, லாக் 3 என்றால் 0.48, லாக் 10 என்றால் 1. இந்த மூன்றும் மனதில் இருந்தால் போதும். இருபது என்பது இரண்டைப் பத்தால் பெருக்கியது, அதனால் லாக் 20 என்றால் 1.30. கால்குலேட்டரைத் தொடுவதற்கு முன் விடை எந்த அளவில் வரும் என்று உத்தேசமாகச் சொல்லிப் பாருங்கள். பிஎச் 17 என்று ரெக்கார்டில் எழுதும் ஆபத்து அதோடு போய்விடும்.

3. மோலும் மோலாரிட்டியும் ஒண்ணுதானே?

இல்லை. மோல் என்பது எண்ணிக்கை, மோலாரிட்டி என்பது செறிவு. ஒரு மோல் என்றால் 6.02214076 × 10²³ துகள்கள். முன்பு 12 கிராம் கார்பன்-12-இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கையை வைத்து இதை வரையறுத்தார்கள். 2019 மே 20 முதல் இந்த எண்ணையே வரையறையாக வைத்துவிட்டார்கள். ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் இருக்கிறது என்பதுதான் மோலாரிட்டி. 1 மோலார் கரைசலில் 10 மில்லி எடுத்தால் உங்கள் கையில் இருப்பது 0.01 மோல். அதில் தண்ணீர் ஊற்றி 100 மில்லியாக்கினால் மோலாரிட்டி 0.1 ஆகக் குறையும், மோல் எண்ணிக்கை அப்படியே இருக்கும். நீர்க்கச் செய்யும் கணக்கு அத்தனையும் இந்த ஒரு வரிதான்.

தண்ணீருக்கே மோலாரிட்டி உண்டு என்று சொன்னால் பலர் ஆச்சரியப்படுகிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 1000 கிராம், அதை 18-ஆல் வகுத்தால் 55.5 மோலார். செல்லுக்குள் வினைபடும் சிறு மூலக்கூறுகள் பெரும்பாலும் மில்லிமோலார், மைக்ரோமோலார் அளவில்தான் இருக்கின்றன. அவற்றோடு ஒப்பிட்டால் தண்ணீரின் அளவு மாறுவதே தெரியாது. சமநிலைச் சமன்பாடுகளில் தண்ணீரை எழுதாமல் விடுவது இதனால்தான்.

4. 100 மில்லி 0.5 மோலார் டிரிஸ் போடச் சொன்னாங்க. 100 மில்லி தண்ணி எடுத்து அதுல போட்டுட்டேன், தப்பா?

தப்பு. எடை கணக்கிடுவதில் யாரும் தடுமாறுவதில்லை. டிரிஸின் மூலக்கூறு எடை 121.14, 100 மில்லிக்கு 0.05 மோல் வேண்டும், ஆக 6.06 கிராம். எல்லோரும் தவறுவது தண்ணீர் ஊற்றும் வரிசையில். 100 மில்லி என்பது கரைசலின் மொத்த அளவு, நீங்கள் ஊற்றும் தண்ணீரின் அளவு அல்ல.

பீக்கரில் 70 மில்லி போல டிஸ்டில்டு வாட்டர் எடுத்துப் பொடியைக் கரையுங்கள். டிரிஸ் ஒரு காரம், வெறுமனே கரைத்தால் பிஎச் 10-க்கு மேல் நிற்கும். பிஎச் மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வேண்டிய பிஎச்சுக்குக் கொண்டுவாருங்கள். இதற்குச் செலவாகும் அமிலம் கணிசமான அளவு இருக்கும். தண்ணீரை முதலிலேயே 100 மில்லி ஊற்றிவிட்டால் அந்த அமிலத்துக்கு இடமில்லை. பிறகு 100 மில்லி ஸ்டாண்டர்டு ஃபிளாஸ்க்கில் ஊற்றி, பீக்கரைக் கொஞ்சம் தண்ணீரில் அலசி அதையும் சேர்த்து, கோடு வரை மேக்கப் செய்யுங்கள். கோடு கண்ணுக்கு நேராக இருக்கட்டும், கரைசலின் வளைவின் அடிப்பகுதி அந்தக் கோட்டைத் தொடட்டும்.

5. தியரில மோலாரிட்டி, ப்ராக்டிகல்ல மட்டும் நார்மாலிட்டி. ஏன் ரெண்டு?

டைட்ரேஷன் கணக்கை எளிதாக்க வந்ததுதான் நார்மாலிட்டி. ஒரு மூலக்கூறு எத்தனை ஹைட்ரஜன் அயனியை அல்லது எத்தனை எலக்ட்ரானைக் கொடுக்கும், வாங்கும் என்பதை முன்கூட்டியே கணக்கில் சேர்த்துவிட்டால், இருபுறமும் நார்மாலிட்டியைக் கன அளவால் பெருக்கிச் சமப்படுத்தினால் போதும். படிக ஆக்சாலிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 126. அது இரண்டு எலக்ட்ரான் கொடுப்பதால் சமான எடை 63.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பொட்டாசியம் பர்மாங்கனேட் அமில ஊடகத்தில் 5 எலக்ட்ரான் வாங்கும், அதன் சமான எடை 158-ஐ 5-ஆல் வகுத்து 31.6. நடுநிலை ஊடகத்தில் மாங்கனீஸ் டை ஆக்சைடாக நின்றுவிடுவதால் 3 எலக்ட்ரான்தான் வாங்கும், அங்கே சமான எடை 52.7. அதே பாட்டில், அதே கரைசல், ஆனால் நார்மாலிட்டி வேறு! வினையைச் சொல்லாமல் நார்மாலிட்டியைச் சொல்ல முடியாது. பயோகெமிஸ்ட்ரியில் மேலே போகப் போக எல்லோரும் மோலாரிட்டியில் பேசுவது இதனால்தான். நீங்களும் தேர்வு முடிந்ததும் அதற்கே மாறிவிடுங்கள்.

6. பர்மாங்கனேட் டைட்ரேஷன்ல முதல் சொட்டோட கலர் போகவே மாட்டேங்குது மேம். எண்ட் பாயிண்ட் வந்துருச்சா?

வரவில்லை, பொறுங்கள். ஆக்சாலிக் அமிலத்தோடு பர்மாங்கனேட் சேரும் வினை தொடக்கத்தில் மிக மெதுவானது. கோனிகல் ஃபிளாஸ்க்கில் நீர்த்த சல்பியூரிக் அமிலம் சேர்த்து, 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்கி, முதல் சொட்டை விட்டுச் சுழற்றினால் இளஞ்சிவப்பு சில நொடிகள் அப்படியே நிற்கும், பிறகு மறையும். இரண்டாம் சொட்டு சற்று வேகமாக மறையும். அதன்பின் விழுந்த இடத்திலேயே நிறம் போய்விடும். வினையில் உண்டாகும் மாங்கனீஸ் இரண்டு அயனியே அதே வினையை வேகப்படுத்துகிறது. வினைபொருளே வினையூக்கி ஆவதை நீங்கள் முதன்முதலில் கண்ணால் பார்க்கும் இடம் இதுதான், அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

சூடு செய்கிறேன் என்று கொதிக்க விட்டால் ஆக்சாலிக் அமிலமே சிதையத் தொடங்கும். சல்பியூரிக் அமிலம் குறைந்தால் கரைசல் பழுப்பாகக் கலங்கும். அது மாங்கனீஸ் டை ஆக்சைடு, 5-ஆம் கேள்வியில் சொன்ன மூன்று எலக்ட்ரான் பாதை. அந்த ரீடிங் உதவாது, மறுபடி போடுங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏன் கூடாது என்று வைவாவில் கட்டாயம் கேட்பார்கள்: குளோரைடைப் பர்மாங்கனேட் குளோரினாக ஆக்ஸிஜனேற்றும், அதற்கும் பர்மாங்கனேட் செலவாகும், ரீடிங் கூடிவிடும். இன்னொன்று, பர்மாங்கனேட்டின் அடர்நிறத்தில் வளைவின் அடிப்பகுதி தெரியாது. பியூரெட்டில் மேல் விளிம்பைப் பாருங்கள், தொடக்கத்திலும் முடிவிலும் அதையே பாருங்கள்.

7. ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர்ல அப்சார்பன்ஸ் 2.8 வந்துச்சு. அப்படியே எழுதிடலாமா?

எழுத வேண்டாம், நீர்க்கச் செய்து மறுபடி பாருங்கள். அப்சார்பன்ஸ் ஒரு லாக் அளவு. 1 என்றால் விழுந்த ஒளியில் 10 சதவீதம் மறுபுறம் வருகிறது, 2 என்றால் 1 சதவீதம், 3 என்றால் 0.1 சதவீதம். 2.8-இல் கருவிக்கு வந்து சேரும் ஒளி அவ்வளவு சொற்பம். உள்ளே சிதறி அலையும் ஒளியே அதைவிட அதிகமாக இருக்கக்கூடும். 0.1 முதல் 1 வரை வரும்படி வைத்துக்கொள்வது நல்லது.

என்சைம் வினைகளில் எலக்ட்ரானைச் சுமந்து செல்லும் என்ஏடிஎச் 340 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும், அதன் மோலார் உறிஞ்சு கெழு 6220. ஒரு சென்டிமீட்டர் குவெட்டில் 0.311 வந்தால், அதை 6220-ஆல் வகுக்க 0.00005 மோலார், அதாவது 50 மைக்ரோமோலார். எலக்ட்ரானைக் கொடுத்துவிட்ட என்ஏடி வடிவத்துக்கு இந்த அலைநீளத்தில் உறிஞ்சல் கிடையாது. என்சைம் சோதனைகளில் பாதி இந்த ஒரு வித்தியாசத்தை நம்பித்தான் நடக்கின்றன.

8. பிஎச் 7 தானே நியூட்ரல்? உடம்புல 6.8ன்னு ஒரு புத்தகத்துல போட்டிருக்கு, அச்சுப்பிழையா?

அச்சுப்பிழை இல்லை. ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் சமமாக இருப்பதுதான் நடுநிலை. 25 டிகிரியில் இவ்விரண்டின் பெருக்கம் 10⁻¹⁴ என்பதால் பிஎச் 7. தண்ணீர் அயனியாவது வெப்பத்தை உள்வாங்கும் வினை, சூடு ஏறினால் அயனிகள் பெருகும். 37 டிகிரியில் அந்தப் பெருக்கம் சுமார் 2.4 × 10⁻¹⁴ ஆகிறது, நடுநிலைப் புள்ளி 6.8-க்கு இறங்குகிறது. அதற்காக 37 டிகிரித் தண்ணீர் அமிலமாகிவிட்டது என்று பொருளில்லை, இரண்டு அயனிகளும் சேர்ந்தேதான் கூடியிருக்கின்றன. பிஎச் அளவுகோலைத் தந்த சோரன்சென் 1909-இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் என்சைம்களைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். இந்த அளவுகோல் பிறந்ததே உங்கள் பாடத்துக்குள்.

9. 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோட பிஎச் 8 தானே?

அமிலத்தைக் கரைத்துவிட்டுக் கரைசல் காரமாகிவிட்டது என்று எழுதினால் எங்கேயோ இடிக்கிறது என்று தோன்ற வேண்டும். தண்ணீரிலிருந்தே 10⁻⁷ மோலார் ஹைட்ரஜன் அயனி வருகிறது, நீங்கள் சேர்த்தது அதில் பத்தில் ஒரு பங்கு. இரண்டையும் சேர்த்து இருபடிச் சமன்பாடாகப் போட்டால் மொத்தம் 1.05 × 10⁻⁷, பிஎச் 6.98. அமிலத்தின் செறிவு 10⁻⁶-க்கு மேல் இருந்தால் தண்ணீரின் பங்கைக் கண்டுகொள்ள வேண்டாம்.

10. பிஎச்சுக்கும் பிகேஏவுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் ஒரே மாதிரி நம்பராத்தான் இருக்கு.

பிஎச் கரைசலைப் பற்றியது, பிகேஏ மூலக்கூறைப் பற்றியது. அசிட்டிக் அமிலத்தின் பிகேஏ 4.76. அது எந்தக் கரைசலில் இருந்தாலும், கரைசலின் பிஎச் 4.76 ஆகும்போது பாதி மூலக்கூறுகள் புரோட்டானோடும் பாதி புரோட்டானை விட்டுவிட்டும் இருக்கும். பிஎச் ஒன்று கூடினால் பத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் புரோட்டானை விட்டிருக்கும், இரண்டு கூடினால் நூற்றுக்கு ஒன்று. இதைத்தான் ஹெண்டர்சன்–ஹாசல்பால்க் சமன்பாடு சொல்கிறது: பிஎச் என்பது பிகேஏவோடு, காரவடிவத்தை அமிலவடிவத்தால் வகுத்து வரும் எண்ணின் லாகைக் கூட்டினால் வருவது.

இரண்டு வடிவமும் தாராளமாக இருந்தால்தான் அமிலம் வந்தாலும் காரம் வந்தாலும் தாங்க முடியும். அப்படித் தாங்கிப் பிஎச்சை அதிகம் மாறவிடாத கரைசல்தான் பஃபர். அதனால் பஃபருக்குப் பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது பிகேஏ உங்களுக்கு வேண்டிய பிஎச்சிலிருந்து ஒன்றுக்கு மேல் தள்ளிப்போகக் கூடாது. பாஸ்பேட்டுக்கு 2.15, 7.20, 12.35 என்று மூன்று பிகேஏ. பிஎச் 7 பஃபருக்கு அது பொருந்துகிறது, பிஎச் 5-க்குப் பொருந்தவே பொருந்தாது.

11. அப்படின்னா பைகார்பனேட் பிகேஏ 6.1, ரத்தம் 7.4. ஒண்ணுக்கு மேல தள்ளித்தானே இருக்கு? எப்படி அது முக்கியமான பஃபர்?

நல்ல கேள்வி. இதைக் கேட்பவர்கள் 10-ஆம் பதிலை ஒழுங்காகப் படித்திருக்கிறார்கள். முதலில் எண்களைப் போடுவோம். ரத்தத்தில் பைகார்பனேட் 24 மில்லிமோலார். கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 40 மில்லிமீட்டர் பாதரசம், அதை 0.03-ஆல் பெருக்கினால் கரைந்திருப்பது 1.2 மில்லிமோலார். விகிதம் 20, லாக் 1.30, அதோடு 6.1 சேர 7.4.

இப்போது ஒரு மூடிய பாட்டிலில் இதே கரைசலை வைத்து லிட்டருக்கு 10 மில்லிமோல் அமிலம் சேர்க்கிறோம் என்று வையுங்கள். பைகார்பனேட் 14 ஆகக் குறையும், கார்பன் டை ஆக்சைடு 11.2 ஆகக் கூடும், விகிதம் 1.25, பிஎச் 6.2. ஆள் பிழைக்க மாட்டார். ஆனால் உடல் மூடிய பாட்டில் இல்லை. உண்டான கார்பன் டை ஆக்சைடை நுரையீரல் வெளியேற்றி 1.2-லேயே நிறுத்திவிட்டால், 14-ஐ 1.2-ஆல் வகுக்க 11.7, பிஎச் 7.17. மூச்சு வேகமாகி கார்பன் டை ஆக்சைடு இன்னும் இறங்கினால் பிஎச் 7.4-ஐ நெருங்கும். ஒன்றுக்கு மேல் தள்ளிப்போகக் கூடாது என்ற விதி மூடிய பாத்திரத்துக்கு உரியது. ஹீமோகுளோபின் போன்ற மற்ற பஃபர்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, நிஜத்தில் அவையும் கை கொடுக்கின்றன.

12. காலையில 8.0ன்னு செட் பண்ணின டிரிஸ் பஃபர் கோல்டு ரூம்ல 8.6 காட்டுது. மீட்டர் ரிப்பேரா?

மீட்டரைக் குறை சொல்லாதீர்கள். டிரிஸின் பிகேஏ 25 டிகிரியில் 8.1 அளவில் இருக்கிறது, ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் அது சுமார் 0.028 கூடும். 25-இலிருந்து 4 டிகிரிக்குப் போனால் 21 டிகிரி, ஏறத்தாழ 0.6. புரதத்தை 4 டிகிரியில் பிரித்தெடுக்கப் போகிறீர்கள் என்றால் அந்தக் குளிரிலேயே பிஎச்சைச் சரிசெய்யுங்கள், மீட்டரையும் அதே வெப்பநிலைக்கு அளவுதிருத்தம் செய்துகொள்ளுங்கள். பாஸ்பேட் இவ்வளவு ஆட்டம் காட்டாது, டிகிரிக்கு 0.003 அளவுதான் மாறும்.

13. ஆர்கானிக்ல மெக்கானிசம் எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணணுமா?

வேண்டாம். எலக்ட்ரான் எங்கே அதிகம், எங்கே குறைவு என்று பார்க்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கார்பனைல் குழுவில் ஆக்ஸிஜன் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கிறது, கார்பன் எலக்ட்ரான் பற்றாக்குறையில் நிற்கிறது. தனி எலக்ட்ரான் ஜோடி வைத்திருக்கும் நைட்ரஜன், ஆக்ஸிஜன், கந்தகம் எதுவானாலும் அந்தக் கார்பனைத்தான் தாக்கும். குளுக்கோஸ் வளையமாவது, டிரிப்சின் பெப்டைடு பந்தத்தை வெட்டுவது, சோப்பு காய்ச்சுவது மூன்றிலும் முதல் அடி இதுதான். அம்புக்குறி எலக்ட்ரான் இருக்கும் இடத்தில் தொடங்கி, அது போகும் இடத்தில் முடிய வேண்டும். தலைகீழாகப் போட்டால் மீதி எல்லாம் தலைகீழ்.

14. டி-குளுக்கோஸ்ல டின்னா வலப்பக்கம் சுழற்றும்னு அர்த்தமா? ஆர், எஸ் வேற இருக்கே!

டி, எல் என்பவை வடிவத்தின் பெயர்கள். கிளிசரால்டிஹைடோடு ஒப்பிட்டு வைத்தவை. ஒளியை எந்தப் பக்கம் சுழற்றுகிறது என்பது போலாரிமீட்டரில் அளந்து பார்க்க வேண்டியது, அதைக் கூட்டல் கழித்தல் குறியால் காட்டுகிறோம். டி-குளுக்கோஸ் வலப்பக்கம் சுழற்றும், அதனால்தான் மருத்துவமனையில் ஏற்றும் பாட்டிலில் டெக்ஸ்ட்ரோஸ் என்று அச்சிட்டிருக்கிறது. டி-ஃபிரக்டோஸும் டி தான், ஆனால் பலமாக இடப்பக்கம் சுழற்றும்.

ஆர், எஸ் என்பது அணு எண்ணை வைத்து முன்னுரிமை கொடுக்கும் தனி முறை. புரதங்களில் வரும் எல்-அமினோ அமிலங்கள் எல்லாம் எஸ், சிஸ்டீன் மட்டும் ஆர். அதன் வடிவம் மற்றவற்றைப் போலவேதான் இருக்கிறது. பக்கச் சங்கிலியில் கந்தகம் இருப்பதால் முன்னுரிமை வரிசை மாறிவிடுகிறது. கிளைசினுக்கு இந்தப் பேச்சே இல்லை, அதன் நடுக் கார்பனில் இரண்டு ஹைட்ரஜன்.

15. பெப்டைடு பந்தம் சிங்கிள் பாண்டாத்தான் வரையுறோம். ஏன் அது சுழலாதுன்னு சொல்றீங்க?

வரைவது ஒரு வடிவத்தை மட்டும். நைட்ரஜனின் தனி ஜோடி பக்கத்துக் கார்பனைல் பக்கம் பரவுவதால் கார்பன்–நைட்ரஜன் பந்தத்துக்கு இரட்டைப் பந்தத் தன்மை கொஞ்சம் வருகிறது. சாதாரண ஒற்றைப் பந்தம் 1.47 ஆங்ஸ்ட்ராம் நீளம், பெப்டைடில் அது 1.33 ஆகச் சுருங்கியிருக்கிறது. அதனால் அந்த ஆறு அணுக்களும் ஒரே தளத்தில் படுத்துவிடுகின்றன. இதே ரெசொனன்ஸால்தான் பெப்டைடின் நைட்ரஜன் சாதாரண அமீனைப் போலக் காரமாக நடந்துகொள்வதில்லை.

நடுக் கார்பனின் இருபுறமும் உள்ள மீதி இரண்டு பந்தங்கள் சுழலும், அந்தக் கோணங்களின் பெயர்கள்தான் ஃபை, சை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 1963-இல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் எடுத்துக்கொண்டது. அணுக்களைக் கெட்டியான உருண்டைகளாக வைத்து, எந்தெந்தக் கோணத்தில் ஒன்றோடொன்று மோதும் என்று கணக்கிட்டார்கள். மோதாத கோணங்கள் கொஞ்சம்தான், ஆல்பா ஹெலிக்ஸும் பீட்டா ஷீட்டும் அவற்றுக்குள் விழுகின்றன. இன்றும் புதிதாக ஒரு புரத அமைப்பை யார் வெளியிட்டாலும் ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். நீங்கள் முதலாண்டில் படிக்கும் ரெசொனன்ஸும் வான் டெர் வால்ஸ் ஆரமும்தான் அதன் மூலதனம். அதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் பெருமையாகத்தான் இருக்கிறது.

16. எண்ணெய் தண்ணியில கலக்காததுக்குக் காரணம் எண்ணெய் மூலக்கூறுகளுக்குள்ள ஈர்ப்பு அதிகம்ங்கிறதுதானே?

காரணம் பெரும்பாலும் தண்ணீரின் பக்கம் இருக்கிறது. தண்ணீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பந்தங்களால் பிணைந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் மோலுக்கு 20 கிலோஜூல் அளவுதான், ஆனால் எண்ணிக்கை ஏராளம். நடுவே ஒரு எண்ணெய்ச் சங்கிலி வந்தால் அதோடு பந்தம் வைக்க முடியாமல், சுற்றியுள்ள தண்ணீர் மூலக்கூறுகள் ஒருவித ஒழுங்கில் அடங்க வேண்டியிருக்கிறது. அவற்றின் என்ட்ரோபி குறைகிறது. எண்ணெய்ச் சங்கிலிகள் ஒன்றுசேர்ந்தால் தண்ணீர் தொடும் பரப்பு குறைந்து, அடங்கி நின்ற தண்ணீர் விடுபடுகிறது. புரதம் மடிவதற்கும் செல் சவ்வு உண்டாவதற்கும் பெரிய உந்துதல் இதுவே.

17. பந்தம் உடைய எனர்ஜி தேவைன்னு கெமிஸ்ட்ரில சொல்றீங்க. ஏடிபில பந்தம் உடைஞ்சா எனர்ஜி வருதுன்னு பயாலஜில சொல்றாங்க. யார் சொல்றது சரி?

எந்தப் பந்தத்தை உடைக்கவும் ஆற்றல் செலவாகும், ஏடிபியும் (அடினோசின் டிரைபாஸ்பேட்) விதிவிலக்கு இல்லை. ஏடிபி தண்ணீரோடு வினைபுரியும்போது பழைய பந்தங்கள் உடைவதோடு புதியவையும் உண்டாகின்றன. கடைசியில் கிடைப்பவை ஒரு பாஸ்பேட்டை இழந்த அடினோசின் டைபாஸ்பேட்டும் ஒரு தனிப் பாஸ்பேட்டும். டைபாஸ்பேட்டின் சுருக்கப் பெயரும் தமிழில் ஏடிபி என்றே வருவதால், குழப்பத்தைத் தவிர்க்க அதற்கு முழுப் பெயரையே எழுதுங்கள். அந்த டைபாஸ்பேட்டும் பாஸ்பேட்டும் சேர்ந்து, தொடங்கிய இடத்தைவிட நிலையாக இருக்கின்றன. ஏடிபியில் நெருக்கியடித்து நின்ற எதிர்மின்சுமைகள் விலகிப் போகின்றன, விடுபட்ட பாஸ்பேட்டில் ரெசொனன்ஸ் கூடுகிறது, இரண்டையும் தண்ணீர் நன்றாகச் சூழ்ந்துகொள்கிறது. ஆற்றல் வருவது இந்த வித்தியாசத்திலிருந்து. உயர் ஆற்றல் பந்தம் என்ற பேச்சு 1941-இல் ஃப்ரிட்ஸ் லிப்மன் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. அவர் சொன்ன பொருள் தெரிந்தால் சிக்கலில்லை, பந்தத்துக்குள் ஆற்றல் அடைந்துகிடக்கிறது என்று எடுத்துக்கொண்டால்தான் சிக்கல்.

திட்ட நிலையில் ஏடிபி தண்ணீரோடு சிதையும் வினையின் டெல்டா ஜி, அதாவது ஃப்ரீ எனர்ஜி மாற்றம், மோலுக்கு மைனஸ் 30.5 கிலோஜூல். குளுக்கோஸோடு பாஸ்பேட்டைச் சேர்க்க பிளஸ் 13.8 வேண்டும். இரண்டையும் கூட்டினால் மைனஸ் 16.7. ஆனால் ஏடிபி முதலில் தண்ணீரில் சிதைந்து, அந்த ஆற்றலில் குளுக்கோஸ் மாறுகிறது என்று நினைக்காதீர்கள். அப்படி நடந்தால் எல்லாம் வெப்பமாகப் போய்விடும். ஹெக்சோகைனேஸ் குளுக்கோஸைப் பிடித்ததும் மூடிக்கொண்டு, பாஸ்பேட்டை ஏடிபியிலிருந்து நேராகக் குளுக்கோஸுக்கு மாற்றுகிறது.

18. டெல்டா ஜி மைனஸ்னா ரியாக்ஷன் தானா நடந்துடும், அப்புறம் என்சைம் எதுக்கு?

டெல்டா ஜி திசையைச் சொல்லும், வேகத்தைச் சொல்லாது. காற்றில் ஆக்ஸிஜனும் டப்பாவில் சர்க்கரையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, சர்க்கரை எரியும் வினையின் டெல்டா ஜி மிகப்பெரிய மைனஸ், ஆனாலும் டப்பா பத்திரமாக இருக்கிறது. இடையில் ஏற வேண்டிய ஆக்டிவேஷன் எனர்ஜி பெரியது. ஓரோடிடின் மோனோபாஸ்பேட் என்ற மூலக்கூறு என்சைம் இல்லாமல் தண்ணீரில் தானாகக் கார்பன் டை ஆக்சைடை இழக்க, அரை ஆயுள் சுமார் 7.8 கோடி ஆண்டுகள் என்று ராட்ஸிக்காவும் வுல்ஃபென்டனும் 1995-இல் கணக்கிட்டார்கள். அதற்குரிய என்சைம் நொடிக்குப் பல முறை அதைச் செய்து முடிக்கிறது. சமநிலை எங்கே என்பதை என்சைம் மாற்றுவதில்லை, முன்னோக்கிய வேகத்தையும் பின்னோக்கிய வேகத்தையும் சேர்த்தே கூட்டுகிறது.

19. மாலேட் ஆக்சலோஅசிட்டேட் ஆகுற ஸ்டெப்ல டெல்டா ஜி பிளஸ் 29.7. ஆனா சிட்ரிக் ஆசிட் சைக்கிள் ஓடுதே, எப்படி?

அந்த 29.7 திட்ட நிலைக்கு உரியது. எல்லாப் பொருளும் 1 மோலார், பிஎச் 7, 25 டிகிரி. உங்கள் செல்லில் எதுவும் 1 மோலாரில் இல்லை. உண்மையான டெல்டா ஜிக்கு, திட்ட எண்ணோடு ஆர்டி என்பதை வினைவிகிதத்தின் இயல் லாகால் பெருக்கிக் கூட்ட வேண்டும். 37 டிகிரியில் ஆர்டி 2.58 கிலோஜூல். 29.7-ஐ அதால் வகுத்தால் 11.5. வினைபொருள்களை வினைபடு பொருள்களால் வகுத்து வரும் விகிதம் ஒரு லட்சத்தில் ஒன்றுக்குக் கீழே போனால் டெல்டா ஜி மைனஸ் ஆகிவிடும்.

செல்லில் அதுதான் நடக்கிறது. ஆக்சலோஅசிட்டேட் உண்டான உடனேயே சிட்ரேட் சிந்தேஸ் அதை எடுத்துக்கொள்கிறது, அதன் செறிவு மைக்ரோமோலார் அளவுக்குமேல் ஏறுவதில்லை. என்ஏடிஎச்சையும் சுவாசச் சங்கிலி தொடர்ந்து வாங்கிக்கொள்கிறது. இதே சமன்பாட்டில் ஏடிபியின் செறிவுகளைப் போட்டால் 17-இல் பார்த்த மைனஸ் 30.5 செல்லுக்குள் மைனஸ் 50-ஐ ஒட்டி வரும்.

20. குளூட்டமிக் அமிலப் பக்கச் சங்கிலியோட பிகேஏ 4.2 அளவுதானே? லைசோசைம்ல 6.2ன்னு போட்டிருக்கே. பிகேஏ மூலக்கூறோட சொந்த எண்ணுன்னு நீங்கதானே சொன்னீங்க?

10-இல் சொன்னது தண்ணீரில் தனியாகக் கரைந்திருக்கும் மூலக்கூறுக்கு. புரதத்துக்குள் ஒவ்வொரு குழுவுக்கும் அக்கம்பக்கம் வேறு. முட்டை வெள்ளைக்கரு லைசோசைமில் 35-ஆவது இடத்தில் உள்ள குளூட்டமிக் அமிலம் எண்ணெய்த் தன்மை கொண்ட பக்கச் சங்கிலிகளுக்கு நடுவே இருக்கிறது. புரோட்டானை விட்டால் எதிர்மின்சுமையோடு அங்கே இருக்க வேண்டும், அதைச் சூழ்ந்து ஆற்றத் தண்ணீர் போதாது. அதனால் புரோட்டானை விடாமல் பிடித்துக்கொள்கிறது, பிகேஏ கூடுகிறது. லைசினுக்கு இது எதிர்த்திசையில் நடக்கும். அதன் பிகேஏ வழக்கமாக 10.5, அசிட்டோஅசிட்டேட் டிகார்பாக்சிலேஸின் ஆக்டிவ் சைட்டில் அது 6-க்கு இறங்கியிருக்கிறது. சுமையில்லாத அமீனாக இருந்தால்தானே 13-இல் சொன்னபடி கார்பனைலைத் தாக்க முடியும்.

லைசோசைமில் எதிரே 52-ஆவது இடத்தில் ஒரு அஸ்பார்டிக் அமிலம், பிகேஏ 3.7 அளவு, தண்ணீர் எட்டும் இடம். பிஎச் 5-இல் இரண்டுக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள். குளூட்டமிக் அமிலத்தில் 94 சதவீதம் புரோட்டானோடு இருக்கும், அஸ்பார்டிக் அமிலத்தில் 95 சதவீதம் புரோட்டானை விட்டிருக்கும். பாக்டீரியாவின் செல் சுவரில் உள்ள சர்க்கரைப் பிணைப்பை வெட்ட ஒன்று புரோட்டான் கொடுக்க வேண்டும், மற்றொன்று எதிர்மின்சுமையோடு நிற்க வேண்டும். லைசோசைம் பிஎச் 5-ஐ ஒட்டி நன்றாக வேலை செய்வதற்கு இந்த இரண்டு சதவீதங்களும்தான் காரணம்.